ஜின்ஷான்லிங்: கூட்டமில்லாத சீனப் பெருஞ்சுவருக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

சீனப் பெருஞ்சுவர் பார்க்க வேண்டும் என்று பெய்ஜிங் போகிற நம் ஆட்களில் பெரும்பாலானோர் பாடாலிங்குக்குத்தான் போகிறார்கள். நகரத்துக்குப் பக்கம், ரயில் போகிறது, சுற்றுலா நிறுவனங்களும் அங்கேதான் இறக்கிவிடும். 2019இல் நாளுக்கு 65,000 பேருக்கு மேல் விடுவதில்லை என்று அங்கே ஒரு வரம்பு வைத்தார்கள். அந்த எண்ணே போதும், திருவிழாக் கூட்டம் எப்படி இருக்கும் என்று புரிந்துகொள்ள. சுவரும் புத்தம் புதிதாகப் பூசி மெழுகியதுபோல இருக்கும்.

இன்னொரு முனையில் 'காட்டுச் சுவர்' என்று பயணிகள் சொல்லும் ஜியான்கோ மாதிரிப் பகுதிகள் இருக்கின்றன. படத்தில் பார்க்கப் பிரமாதம்தான். ஆனால் அவை அதிகாரபூர்வமாகத் திறக்கப்படாதவை. கால் வைத்தால் கல் உருளும், விழுந்தவர்களைத் தூக்கிவர மீட்புப் படை போன கதைகளும் உண்டு. முதல்முறை போகிறவர்களுக்கு அது வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஜின்ஷான்லிங். ஹெபெய் மாகாணம், லுவான்பிங் மாவட்டம். பெய்ஜிங்கிலிருந்து வடகிழக்கே சுமார் 130 கிலோமீட்டர். சுமார் பத்தரை கிலோமீட்டர் நீளச் சுவரில் 67 காவல் கோபுரங்கள் இருக்கின்றன. நடுப்பகுதியை 1980களில் பழுதுபார்த்தார்கள், இரு முனைகளையும் ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டார்கள். ஒரே நாள் நடையில் சீரமைத்த சுவரில் ஏறி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்த சுவருக்குள் போய் இறங்கலாம். இந்த இடத்தின் சிறப்பே அதுதான் என்பது என் கருத்து. அதனால் இந்த வழிகாட்டியும் அந்த வரிசையை ஒட்டியே போகிறது. கோபுரத்தில் ஏறி இரண்டு படம் எடுத்துவிட்டு இறங்குவதற்கு இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை.

எப்போது போவது

ஏப்ரல் நடுவிலிருந்து மே இறுதி வரை, அப்புறம் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் இறுதி வரை. ஏப்ரலில் சுவரின் இருபக்கச் சரிவிலும் காட்டு ஆப்ரிகாட் பழ மரங்கள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்திருக்கும். அக்டோபர் நடுவில் இலைகள் நிறம் மாறும்.

அக்டோபர் 1 முதல் 7 வரையிலான தேசிய நாள் விடுமுறையையும், மே மாதத் தொடக்கத்துத் தொழிலாளர் நாள் விடுமுறையையும் தவிர்த்துவிடுங்கள். அந்த நாட்களில் அமைதியான சுவர் என்று எதுவுமே கிடையாது. ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலம். மழை விட்ட மறுநாள் விடியலில் பள்ளத்தாக்கு முழுக்க மேகம் நிரம்பி நிற்கும் என்று புகைப்படக்காரர்கள் தேடி வருவது இந்தப் பருவத்தில்தான். ஆனால் மலை முகட்டில் மரமே இல்லாத சுவரின் மேல் இடியில் மாட்டிக்கொள்வது விளையாட்டல்ல. மழை எச்சரிக்கை இருந்தால் வாயிலையே மூடிவிடுவார்கள். குளிர்காலத்தில் பகலிலும் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும், விடியலில் மைனஸ் 10க்கும் கீழே. பனி மூடிய சுவர் அழகு, சந்தேகமில்லை. ஆனால் பனி உறைந்த படிகளில் நடந்து பழக்கமில்லாத நமக்கு அது முதல் பயணமாக இருக்க வேண்டாம்.

புறப்படும் முன் முடிக்க வேண்டியவை

இந்தியக் கடவுச்சீட்டு என்றால் விசா எடுத்துத்தான் போக வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுகளுக்கு 30 நாள் வரை விசா இல்லாமலே அனுமதி உண்டு. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் சீனத் தூதரகத்தின் தளத்தில் தங்களுக்கான விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், இவை அடிக்கடி மாறுகின்றன. நுழைவுச்சீட்டு வாங்கவும் விடுதியில் அறை எடுக்கவும் கடவுச்சீட்டின் அசல் வேண்டும். நகலை நீட்டினால் நடக்காது.

பணத்துக்கு அலிபே அல்லது வீசாட் செயலியை ஊரிலேயே இறக்கி, உங்கள் விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணைத்துவிடுங்கள். சீனாவில் தண்ணீர் பாட்டில் விற்கிறவர்கூட அதில்தான் பணம் வாங்குகிறார். கையில் கொஞ்சம் யுவான் தாளும் இருக்கட்டும், மலைக் கிராமத்தில் சிக்னல் போனால் உதவும்.

கூகுளும் வாட்ஸப்பும் அங்கே தடை செய்யப்பட்டவை. சொந்த ஊர் சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் இயங்கும், விடுதி வைஃபையில் இயங்காது. வரைபடத்துக்கு அங்கே உள்ளவர்கள் பயன்படுத்தும் காவ்தே செயலி நல்லது. போகும் இடத்தின் பெயரைச் சீன எழுத்தில் ஒரு படமாகப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரிடம் நாம் எப்படி உச்சரித்தாலும் அவருக்குப் புரியப்போவதில்லை. படத்தைக் காட்டினால் வேலை முடிந்தது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: வாயிலுக்கு அருகே உணவகங்கள் இருக்கின்றன, ஆனால் காய்கறி வதக்கலிலும் துண்டு இறைச்சி கிடக்கலாம். மொழிபெயர்ப்புச் செயலியில் 'இறைச்சி, மீன், முட்டை சாப்பிடமாட்டேன்' என்று எழுதிக் காட்டுங்கள். அதைவிட நல்லது, பெய்ஜிங்கிலிருந்தே வாழைப்பழம், வெள்ளரிக்காய், உள்ளே எதுவும் வைக்காத மன்டோ என்கிற ஆவியில் வெந்த ரொட்டி வாங்கிக் கட்டிக்கொண்டு போவது. கூடவே ஊரிலிருந்து கொண்டுவந்த பருப்புப்பொடி ஒரு பொட்டலம் இருந்தால் மதியச் சாப்பாட்டுக் கவலை தீர்ந்தது.

காலணி விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அடிப்பகுதி பிடிமானமுள்ள, கணுக்கால் ஆடாத ஷூ. செருப்பு கூடாது. சேலை, வேட்டியும் இங்கே சரிவராது. ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும், அதனால் மூட்டு வலி உள்ளவர்கள் ஊன்றுகோல் எடுத்துப்போங்கள். கோடையில் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். சுவரின் மேல் கழிப்பறை கிடையாது, வாயிலிலேயே போய்விட்டு ஏறுங்கள்.

போய்ச் சேருவது

மூன்று பேருக்கு மேல் இருந்தால் பெய்ஜிங்கிலிருந்து ஓட்டுநரோடு ஒரு நாள் வாடகைக் கார் பேசிக்கொள்வதுதான் நிம்மதி. ஒரு வழிக்கு இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். பேசும்போதே 'ஒரு வாயிலில் இறக்கி, இன்னொரு வாயிலில் ஏற்றிக்கொள்ள வேண்டும்' என்று சொல்லிவிடுங்கள். இது ஏன் முக்கியம் என்று கீழே வருகிறது.

தனியாகப் போகிறவர்கள் சுரங்க ரயிலில் வாங்ஜிங் மேற்கு நிலையத்துக்குப் போக வேண்டும். சுற்றுலாப் பருவத்தில் அங்கிருந்து காலையில் நேரடிப் பேருந்து விடுவது வழக்கம், மாலையில் அதே பேருந்து திரும்பும். நேரமும் நாளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் முந்தின நாளே விடுதி வரவேற்பில் கேட்டு உறுதி செய்யுங்கள். நேரடிப் பேருந்து இல்லாவிட்டால் லுவான்பிங் பக்கம் போகும் பேருந்தில் ஏறி, நெடுஞ்சாலையில் ஜின்ஷான்லிங் ஓய்விடத்தில் இறங்கலாம். அங்கிருந்து வாயில் சில கிலோமீட்டர்தான், வாடகை வண்டி பேசிக்கொள்ளலாம். பேருந்து நிலையங்களில் சிலர் வந்து 'அந்தப் பேருந்து இன்று போகாது, என் காரில் வாருங்கள்' என்பார்கள். நம் ஊர் பேருந்து நிலையம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

முடிந்தால் ஓர் இரவு அடிவாரத்திலேயே தங்குங்கள். கிராமத்து வீடுகளையே விடுதியாக்கி வைத்திருக்கிறார்கள். மாலை நான்கு மணிக்கு மேல் பெய்ஜிங் வண்டிகள் எல்லாம் கிளம்பிவிடும். அதன் பிறகு சுவர் உங்களுக்கும் இன்னும் நாலைந்து பேருக்கும்தான். வெளிநாட்டவரைத் தங்கவைக்க அந்த வீட்டாரால் முடியுமா என்று மட்டும் முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு விவரத்தைக் காவல்துறையிடம் பதிய வேண்டியது அவர்கள் பொறுப்பு.

எங்கே ஏறி எங்கே இறங்குவது

நடைக்கு நான் சொல்லும் திசை மேற்கிலிருந்து கிழக்கு. ஜுவான்துவோகோ கணவாய்ப் பக்கம் ஏறி, நடுவில் உள்ள கோபுரங்களைக் கடந்து, ஹோச்சுவான்கோ தாண்டி, கிழக்கு ஐங்கண் கோபுரம் வரை போய், அங்கிருந்து கிழக்கு வாயிலுக்கு இறங்குவது. நின்று நிதானித்துப் பார்க்கிறவர்களுக்கு நான்கிலிருந்து ஐந்து மணி நேரம். தூரம் என்று பார்த்தால் பெரிதில்லை, ஏற்ற இறக்கம்தான் ஆளை வாட்டும்.

ரோப் கார் ஒன்றும் இருக்கிறது. வயதானவர்களோடு போனால் அதில் ஏறி, நடுவில் உள்ள சீரமைத்த பகுதியை மட்டும் ஒன்றிரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு அதிலேயே இறங்கலாம். குறை ஒன்றுமில்லை. பலத்த காற்றிலும் குளிர்காலத்திலும் அது ஓடாது.

ஏறத் தொடங்கியதும் உள்ளூர்க் கிராமத்துப் பெண்கள் யாராவது கூடவே நடந்து வரக்கூடும். நல்லவர்கள்தான். கைகொடுத்து ஏற்றிவிடுவார்கள், வழி சொல்வார்கள், அரை மணி கழித்துப் பையிலிருந்து சட்டையும் படப் புத்தகமும் எடுப்பார்கள். வாங்கும் எண்ணம் இருந்தால் சேர்ந்து நடங்கள். இல்லாவிட்டால் முதலிலேயே சிரித்தபடி 'பூ யாவ், சியே சியே' (வேண்டாம், நன்றி) என்று சொல்லிவிடுங்கள். அவ்வளவு தூரம் நடக்கவிட்டு அப்புறம் வேண்டாம் என்பதுதான் தப்பு.

சுவரின் மேல் எதைப் பார்ப்பது

இதைப் படிக்காமல் போனால் 67 கோபுரமும் ஒன்றுபோலத் தெரியும். கொஞ்சம் பின்கதை தெரிந்துகொண்டு போங்கள்.

1550இல் மங்கோலியத் தலைவர் அல்தான் கான் இந்தப் பக்கத்துக் குபேய்கோ கணவாய் வழியாக உள்ளே நுழைந்து பெய்ஜிங்கின் புறநகர் வரை கொள்ளையடித்துவிட்டுப் போனார். அப்போது சீனாவை ஆண்ட மிங் வம்சத்து அரசுக்கு அது பெரிய அவமானம். தென்கிழக்குக் கடற்கரையில் கடற்கொள்ளையரை அடக்கிப் பெயர் வாங்கியிருந்த தளபதி சீ ஜிகுவாங்கை வடக்கே அழைத்து, 1568இல் இந்த எல்லைப் பகுதியை ஒப்படைத்தார்கள். வந்து பார்த்தால் ஏற்கெனவே இருந்த சுவர் தாழ்வாகவும் மெலிதாகவும் இருந்தது. காவலர்கள் வெயிலிலும் பனியிலும் வெட்டவெளியில் நின்றார்கள், ஆயுதம் வைக்க இடமில்லை. அவர் கண்ட தீர்வு, உள்ளே வெற்றிடமுள்ள செங்கல் கோபுரம். அதற்குள் 30 முதல் 50 வீரர்கள் தானியம், வெடிமருந்து சகிதம் தங்கலாம், நாலாபுறமும் சாளரம் வழியே சுடலாம். சில ஆண்டுகளிலேயே தன் எல்லை நெடுக ஆயிரத்துக்கும் மேல் கட்டிவிட்டார். ஜின்ஷான்லிங் கோபுரங்கள் அந்த வேலையின் ஒரு பகுதி.

ஆகவே ஒவ்வொரு கோபுரத்துக்குள்ளும் நுழையுங்கள். ஒன்றின் உட்கூரை வளைவாக இருக்கும், இன்னொன்றில் மரத்தளம் இருந்து போனதன் தடம் மட்டும் சுவரில் தெரியும். ஒரு பக்கத்துக்கு மூன்று சாளரம், நான்கு சாளரம், ஐந்து சாளரம் என்று மாறும். 'ஐங்கண் கோபுரம்' என்று பெயர் வந்தது அப்படித்தான். பெரிய ஜின்ஷான், சிறிய ஜின்ஷான் என்று இரு கோபுரங்கள் உண்டு. தெற்கிலிருந்து வந்த வீரர்கள் தங்கள் பக்கத்து ஜின்ஷான் தீவின் நினைவாக வைத்த பெயர் என்று சொல்வார்கள். வெகுதூரம் தாண்டி வந்து குளிரில் காவல் நின்றவர்கள் ஊர்ப்பெயரைச் சுமந்து வந்திருக்கிறார்கள் என்பது நம்பக் கடினமான கதையல்ல.

அடுத்து, செங்குத்தான ஏற்றங்களில் படிகளின் குறுக்கே ஆள் உயரத்துக்குத் துண்டு துண்டாகச் சுவர்கள் நிற்கும். முதலில் பார்ப்பவர்கள் இடிந்துபோன மிச்சம் என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் அவை தடுப்புச் சுவர்கள். எதிரி எப்படியோ சுவரின் மேலேயே ஏறிவிட்டால், வீரர்கள் ஒவ்வொரு தடுப்பாகப் பின்வாங்கி, அதிலுள்ள துளை வழியே சுட்டபடி மேலே கோபுரத்துக்குப் போவார்கள். ஒரு தடுப்பின் பின்னால் நின்று துளை வழியாகக் கீழே பாருங்கள், ஏறிவருகிறவனின் கதி புரியும். மற்ற இடங்களில் இவ்வளவு நன்றாக இவற்றைப் பார்ப்பது அரிது.

கைப்பிடிச் சுவரில் மூன்று விதத் திறப்புகளைக் கவனியுங்கள். மேலே இருப்பது நோட்டம் பார்க்க, நடுவில் சுட, கீழே தரையோடு இருப்பது கல் உருட்டிவிட. மழைநீர்த் தூம்பு உட்பக்கமாக, அதாவது சீனப் பக்கமாகவே இருக்கும். எது எதிரிப் பக்கம் என்று குழம்பினால் தூம்பைத் தேடினால் போதும்.

எழுத்துச் செங்கல்லைத் தேடாமல் வராதீர்கள். சில இடங்களில் செங்கல்லின் முகத்திலேயே முத்திரை பதித்திருக்கும்: எந்த ஆண்டு, எந்தப் படைப்பிரிவு செய்தது என்று. வான்லி பேரரசரின் ஐந்தாம், ஆறாம் ஆட்சியாண்டு, அதாவது 1577, 1578 என்று பொறித்தவை நிறைய. ஷான்டோங் மாகாணத்திலிருந்து வந்த படையின் பெயரும் இருக்கும். இது பெருமைக்காகப் பொறித்ததல்ல. செங்கல் பொடிந்தால் யாரைப் பிடிப்பது என்று அதிகாரிக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயில் விழும்போது எழுத்து தெளிவாகத் தெரியும், உச்சி வெயிலில் கண்ணுக்கே படாது. தேய்க்கவோ சுரண்டவோ வேண்டாம். ஒரு கோபுரத்தின் மேல் பதினைந்து செங்கற்களைச் சேர்த்துச் செதுக்கிய சீலின் என்கிற புராண விலங்கும் இருக்கிறது, அதையும் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

செங்கல்லுக்கு இடையே உள்ள சாந்தையும் ஒரு கணம் பாருங்கள். மிங் காலத்துக் கட்டடங்களில் சுண்ணாம்போடு பசையரிசிக் கஞ்சியைக் கலந்து பூசிய வழக்கம் உண்டு. நம் ஊரில் சுண்ணாம்புக் காரையில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்ததுபோல.

சுவரில் நிற்கும்போது கோபுரங்களின் இடைவெளியும் கண்ணில் படும். ஒன்றிலிருந்து அடுத்தது எப்போதும் தெரியும்படி வைத்திருக்கிறார்கள். எதிரி வருவதைப் புகையாலும் வெடிச்சத்தத்தாலும் அடுத்த கோபுரத்துக்குச் சொல்லத்தான் அது. 1466இல் வகுத்த மிங் விதிப்படி, எதிரிகள் நூறு பேர் வரை வந்தால் ஒரு புகை, ஒரு வெடி. 500 பேர் என்றால் இரண்டு, ஆயிரத்தைத் தாண்டினால் மூன்று, 5,000 என்றால் நான்கு, 10,000 என்றால் ஐந்து.

சீரமைத்தது எங்கே முடிகிறது

நடுப்பகுதியைத் தாண்டிக் கிழக்கே போகப் போகத் தரை மாறும். சீரான செங்கல் தளம் தேய்ந்து, உடைந்து, கடைசியில் கல்லும் மண்ணுமாக ஆகிவிடும். கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் காணாமல் போகும். கூரையில்லாத கோபுரங்கள் வரும். புதிய செங்கல்லையும் பழைய செங்கல்லையும் நிறத்தாலும் விளிம்பாலும் பிரித்தறியலாம். பழையதன் முனை மழுங்கியிருக்கும்.

ஏன் எல்லாவற்றையும் சரிசெய்யவில்லை என்று கேட்கலாம். சரிசெய்கிறேன் என்று கெடுத்ததும் உண்டு. லியாவ்நிங் மாகாணத்தில் ஒரு பகுதியின் மேல் சிமெண்ட் நடைபாதைபோல வழவழப்பாக மூடிவிட்டார்கள், 2016இல் படங்கள் வெளிவந்து நாடே திட்டியது. அதைப் பார்த்த பிறகு, இடிந்ததை இடிந்தபடி தாங்கிப்பிடித்து நிறுத்துவதே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பகுதியில் நடக்கச் சில ஒழுங்குகள். இறக்கத்தில் பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள். தளர்ந்த கல்லைக் கையால் பிடித்து ஏறாதீர்கள். கோபுரம் சிதைந்திருந்தால் சுவருக்குக் கீழே ஒற்றையடிப் பாதை சுற்றிப் போகும், அதில் போங்கள். கைப்பிடிச் சுவரின் மேல் ஏறிப் படம் எடுப்பது வேண்டவே வேண்டாம். ஒரு துண்டுச் செங்கல்லைக்கூட நினைவுக்கென்று எடுக்கக் கூடாது. 2006ஆம் ஆண்டின் பெருஞ்சுவர்ப் பாதுகாப்பு விதிகளின்படி செங்கல் எடுப்பதும் பெயர் கிறுக்குவதும் தண்டனைக்குரியவை. ஒரு காலத்தில் சுற்றுவட்டார மக்களே வீட்டுக்கும் பன்றிக் கொட்டிலுக்கும் செங்கல் எடுத்துப் போனதுதான் இந்தச் சுவர் இவ்வளவு குறைந்ததற்குப் பெரிய காரணம்.

கடைசிக் கோபுரமும் திரும்பும் வழியும்

கிழக்கு ஐங்கண் கோபுரத்தில் நின்று கிழக்கே பார்த்தால் சிமாதாய் என்கிற அடுத்த சுவர்ப் பகுதி கத்தி முனைபோல மேலேறிப் போவது தெரியும். உச்சியில் இருப்பது வாங்ஜிங் கோபுரம், 986 மீட்டர் உயரத்தில். பழைய பயணக் கட்டுரைகளில் 'ஜின்ஷான்லிங்கிலிருந்து சிமாதாய் வரை நடந்தோம்' என்று படித்திருப்பீர்கள். 2010இல் சிமாதாய் சீரமைப்புக்காக மூடப்பட்டது. மீண்டும் திறந்தபோது அதற்குத் தனிச் சீட்டு, தனி வாயில் என்று ஆகிவிட்டது. இப்போது நேராக நடந்து கடக்க முடியாது. தடுப்பு வைத்திருக்கும் இடத்தில் திரும்பிவிடுங்கள். யாராவது 'ரகசிய வழி காட்டுகிறேன்' என்றாலும் வேண்டாம்.

இங்கிருந்து கிழக்கு வாயிலுக்கு இறங்க அரை மணி நேரம் பிடிக்கும். ஏறிய வாயிலும் இறங்கும் வாயிலும் ஒன்றுக்கொன்று நல்ல தூரம். கார் பேசியிருந்தால் ஓட்டுநர் இங்கே காத்திருக்க வேண்டும் என்று முன்பே சொன்னது இதற்காகத்தான். பேருந்தில் வந்தவர்கள் காலையில் சீட்டு வாங்கும்போதே கிழக்கு வாயிலிலிருந்து திரும்பிவர வண்டி உண்டா, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி இல்லை என்றால் கடைசிக் கோபுரம் வரை போகாமல், பாதி நேரம் முடிந்ததும் வந்த வழியே திரும்புவது நல்லது. பெய்ஜிங் பேருந்து மாலையில் யாருக்காகவும் காத்திருக்காது. தவறவிட்டால் அடிவாரத்தில் அறை கிடைக்கும், ஆனால் விடுமுறை நாளில் அதுவும் கிடைக்காது.